வெட்டக் கூடாத புல்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் தானியக் கூட்டுறவுச் சங்கத்தின் காபி மேசை. தெற்கு டகோட்டாவில் எங்கள் மாவட்டத்துக்குச் செய்தித்தாள் வாரம் ஒருமுறைதான் வரும். காபி மேசை தினசரி. காலை ஆறரைக்கு ஏழெட்டு ஆண்கள் வந்து உட்கார்ந்து, இன்று யார் காசு கொடுப்பது என்று பகடை உருட்டி, ஊரில் ஒருவரையும் விடாமல் அலசிவிட்டு எட்டு மணிக்குக் கலைவார்கள். நான் பக்கத்து மேசையில் பரீட்சைத் தாள் திருத்துவதுபோல் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மாவட்டப் பள்ளியில் பதினெட்டு வருடமாக நான் கணக்கு டீச்சர். எழிலரசி என்ற பெயரை இவர்கள் முதல் வருடமே 'ஈஸி' ஆக்கிவிட்டார்கள். ஈஸியின் காதில் விழுந்தால் யாருக்கும் போகாது என்று இவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

முதல் வரைவில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன். இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

கதைக்குள் போகுமுன் ஒன்று சொல்லிவிட வேண்டும். நம் பக்கம் மானியம் என்றால் உரம், விதை, கிணற்று மோட்டார். இங்கே அந்த மாதிரியும் உண்டு. அதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. நிலத்தில் ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு அரசாங்கம் பணம் தருகிறது. பத்து வருட ஒப்பந்தம். புல்லை விதைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். மண் காற்றில் பறக்காது, பறவைகள் குஞ்சு பொரிக்கும், அக்டோபர் தோறும் பணம் வரும். முக்கியமாக, குஞ்சு பொரிக்கும் காலத்தில், அதாவது ஆகஸ்ட் பிறக்கும்வரை, ஒரு புல்லைக்கூட வெட்டக் கூடாது. சும்மா இருப்பதே சுகம் என்று நம் ஊரில் சொல்வதோடு சரி. இங்கே அதற்கு ஓர் அலுவலகமே வைத்து நடத்துகிறார்கள்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். கதாநாயகிக்கு ஆர்லிஸ் வெட்டர் என்று வைத்தேன். இந்தப் பக்கத்து ஜெர்மன் குடும்பங்களில் வெட்டர் என்ற பெயர் உண்டு. ஆனால் வெட்டக் கூடாத புல்லைப் பற்றிய கதையில் அதைத் தேடிப்பிடித்து வைத்தது என் அற்பத்தனம். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் யாருக்கும் சிரிப்பு வராது. தமிழில் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது பிறகு.

2

முதல் தொடக்கம்: "ஜூலை மாதத்து வெயில் அந்தப் புல்வெளியின் மேல் —"

[அடித்துவிட்டேன். வெயிலில் தொடங்கும் கதைகள் போதும்.]

இரண்டாவது: "ரூபன் வெட்டர் இறந்த பதினாறாம் நாள் —"

[நாள் சரியாகப் பதினாறுதான், எண்ணிப் பார்த்தேன். ஆனால் இப்படி எழுதினால் நம் வாசகர்கள் காரியம், படையல், ஐயர் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். லுத்தரன் சபையில் பதினாறுக்கு விசேஷம் இல்லை. இருந்தாலும், நடந்ததைப் பார்க்கும்போது, அன்று நடந்தது ஒரு காரியம்தான்.]

மூன்றாவது: "ரூபன் வெட்டர் எழுபத்தாறு வயதில் இறந்தபோது அவர் நிலத்தில் அறுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை."

இது நிற்கட்டும். இந்த ஊரில் ஒரு விவசாயி பயிர் நிற்கும்போது செத்துப்போனால், அக்கம்பக்கத்தார் தங்கள் இயந்திரங்களை எல்லாம் ஓட்டிக்கொண்டு வந்து ஒரே நாளில் அறுத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கூப்பிட வேண்டாம், கூலி கிடையாது, நன்றி சொன்னால் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். வந்தவர்களுக்கு அந்த வீட்டில் சாப்பாடு உண்டு, அவ்வளவுதான். ஆறுதல் சொல்ல வாய் வராத ஆண்களுக்கு இது ஒரு பாஷை.

ரூபன் விஷயத்தில் அந்தப் பாஷை பேச வழியில்லாமல் போய்விட்டது. முழங்கால் இரண்டும் கெட்டுப்போன பிறகு, ஒன்பது வருடம் முன்பு, இருந்த நூற்றறுபது ஏக்கரையும் புல் ஒப்பந்தத்தில் போட்டுவிட்டார். காபி மேசையில் தினமும் அவருக்கு இதே பாட்டுத்தான்.

"ரூபன், நேத்து எத்தனை ஏக்கர் விதைக்காம விட்ட?"

"நூத்தறுபதும். இடுப்பு ஒடிஞ்சு போச்சு."

எல்லாரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்ததும் கொட்டகையில் நிற்கும் டிராக்டரில் ஏறி, எஞ்சினைப் போட்டு, அங்கேயே உட்கார்ந்திருப்பார். "பேட்டரி செத்துடும், அதான்" என்பார். தினமும் ஓடும் பேட்டரி எப்படிச் சாகும் என்று ஆர்லிஸ் கேட்டதில்லை.

3

காலை எட்டரை மணி இருக்கும். ஆர்லிஸ் சமையலறை ஜன்னலில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

[பார்த்துக்கொண்டிருந்தாளா? தற்செயலாகப் பார்த்தாளா? கதையின் குடுமியே இந்த ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது. திரும்ப வருவேன்.]

வளைவில் முதல் டிராக்டர் தெரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று. மொத்தம் ஆறு, எல்லாவற்றின் பின்னாலும் புல்வெட்டி. முன்னால் வந்தவன் டெல்மர், பக்கத்து நிலத்துக்காரன், ஐம்பத்தெட்டு வயது. முற்றத்தில் இறங்கித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஆர்லிஸ், நீங்க ஒண்ணும் பேசக் கூடாது. இன்னைக்கு இது எங்க வேலை."

"எது?"

"புல்லை வெட்டிக் காயவிட்டுச் சுருட்டிக் கொடுத்துடறோம். வறட்சிக்காக வெட்டலாம்னு மேலிடத்துலயே விட்டுட்டாங்க, ரேடியோவுல சொன்னான். இந்த வருஷம் புல்லுக்கு இருக்கிற விலைக்கு உங்களுக்கு ஒரு ரெண்டு வருஷம் ஓடும்."

ரேடியோக்காரன் சொன்னது உண்மை. ஆனால் ஆகஸ்ட் இரண்டாம் தேதியிலிருந்து என்றும், அதற்கும் முன்கூட்டியே அலுவலகத்தில் கையெழுத்து வாங்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னான். அன்று ஜூலை இருபத்துநாலு. அலுவலகத்தில் வெர்லின் கேட்டிருப்பான் என்று டெல்மர் நினைத்தான். டெல்மர் கேட்டிருப்பான் என்று வெர்லின் நினைத்தான். மற்ற நான்கு பேரும் அவர்கள் இருவரையும் நினைத்தார்கள். வெர்லின் யார் என்றால், அந்த அலுவலகத்தின் மாவட்டக் குழுவுக்கு விவசாயிகளே தேர்ந்தெடுத்த மூன்று பேரில் ஒருவன். யானைக்கும் அடி சறுக்கும்.

ஆர்லிஸ் வாசலில் நின்று ஆறு பேரையும் ஒருமுறை பார்த்தாள். அந்த வீட்டில் நாற்பத்தெட்டு வருடமாக அரசாங்கக் கடிதத்தை எல்லாம் பிரித்துப் படித்தவள் அவள்தான்; ரூபன் ஓர் உறையைக்கூடக் கிழித்ததில்லை. தேதியெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"முதல்ல காபி குடிங்க," என்றாள்.

இந்த ஊர்ப் பேச்சில் அது சரி என்றும் ஆகாது, வேண்டாம் என்றும் ஆகாது.

காபியோடு கூகன் வந்தது. கூகன் என்பது புளித்த மாவைத் தட்டி, மேலே பாலேடும் முட்டையும் சர்க்கரையும் ஊற்றி, உலர்ந்த பழம் வைத்து அடுப்பில் சுடுவது. இந்த மக்களுக்குக் கல்யாணத்துக்கும் அதுதான், இழவுக்கும் அதுதான். சமையலறையில் யாரோ ஒருத்தி அதைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். ஆறு பேரும் நின்றபடியே ஊதி ஊதிச் சாப்பிட்டுவிட்டு டிராக்டரில் ஏறினார்கள்.

மதியத்துக்குள் நூற்றறுபது ஏக்கரும் படுத்துவிட்டது.*

* முழுவதும் அல்ல. காட்டுக்கோழி உட்கார்ந்திருந்த இடங்களில் வெட்டியைத் தூக்கி, சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். வெட்டிய நிலத்தில் ஏழு இடங்களில் புல் திட்டுத் திட்டாக நின்றது. இதை விதிமுறையில் எந்தப் பத்தியில் சேர்ப்பது என்று அலுவலகத்துக்குத் தெரியவில்லை. கதையில் எங்கே சேர்ப்பது என்று எனக்கும் தெரியவில்லை. அதனால் அடிக்குறிப்பில்.

4

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது எப்போது தெரிந்தது என்றால், எங்கள் வார இதழ் வந்தபோது. முதல் பக்கத்தில் படம்: வரிசையாக ஆறு டிராக்டர், பின்னால் வெட்டர் வீட்டுக் கொட்டகை. "துக்க வீட்டுக்குக் கைகொடுத்த அயலார்" என்று கொட்டை எழுத்து, கீழே தேதி, கிழமை, ஆறு பேரின் பெயர். புல் ஒப்பந்தங்களைப் பார்க்கும் அதே பண்ணை அலுவலகத்தில் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்காரும் கெய்லீன் அதைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கத்தரித்து, அலுவலக அறிவிப்புப் பலகையில் தன் கையாலேயே குத்தி வைத்தாள்.

ஒன்பது நாள் அது அங்கே இருந்தது. பத்தாம் நாள் வேறு ஏதோ வேலையாகத் தலைநகர் அலுவலகத்திலிருந்து வந்த ஓர் ஆள், கையில் காபியோடு பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றவர், "இது எந்த நிலம்?" என்று கேட்டார். கெய்லீன் பெருமையாகச் சொன்னாள். சொல்லி முடிக்கும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது.

விஷயம் இதுதான். ஒப்பந்தம் மீறப்பட்டால் ஒன்பது வருடத்துப் பணமும் வட்டியோடு திரும்பிப் போக வேண்டும். ஆர்லிஸிடம் அவ்வளவு கிடையாது. நிலத்தை விற்க வேண்டும். வீடு நிலத்தின் மேல் நிற்கிறது. ஆனால் ஒரு சந்து உண்டு. ஒப்பந்தக்காரருக்கு முன்கூட்டியே தெரியாமல், அவர் ஏற்பாடு இல்லாமல், மற்றவர்கள் நல்லெண்ணத்தில் செய்துவிட்டார்கள் என்று எழுத்தில் இருந்தால் மாவட்டக் குழு மன்னித்துவிடலாம்.

கெய்லீனுக்கு ஆர்லிஸ் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பாடம் எடுத்தவள். நாற்பத்துநாலு வயதிலும் 'மிஸஸ் வெட்டர்' என்றுதான் கூப்பிட வரும். அவளை அலுவலகத்துக்கு வரச்சொல்லி, படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மிஸஸ் வெட்டர், அவங்க வரப்போறாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. அப்படித்தானே?"

"யார் சொன்னா?"

"டெல்மர்தான் சொன்னார். திடுதிப்புன்னு வந்து நிக்கணும்னு அவங்களுக்குள்ளேயே பேசி வச்சிருந்தாங்களாம்."

"ரெண்டு நாளா அவன் என் வேலியோரமா வண்டியை நத்தை மாதிரி ஓட்டிட்டு, புல்லையே பாத்துட்டுப் போறான். எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

கெய்லீன் பேனாவைக் கீழே வைத்தாள். "இது என் காதுல விழல."

"விழலைன்னா டாக்டரைப் பாரு."

"சரி, வேற கேக்கறேன். அவங்களுக்குச் சாப்பிட என்ன கொடுத்தீங்க?"

"கூகன்."

"எழவு வீட்டுக்கு ஊரே கூகன் கொண்டுவந்து கொடுத்துச்சே. எங்க அம்மாவே நாலு கொடுத்தாங்க. எல்லாம் உங்க ஃப்ரீசர்ல இருந்திருக்கும். அதுல ஒண்ணை எடுத்து ஆறினதைக் கொடுத்திருப்பீங்க. வீட்டுக்கு வந்தவங்களுக்கு ஒரு மரியாதைக்கு. அவங்க வருவாங்கன்னு தெரிஞ்சு சுட்டது இல்ல." கெய்லீன் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, பரீட்சையில் பதில் சொல்லிக்கொடுக்கும் டீச்சரைப்போலச் சொன்னாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மிஸஸ் வெட்டர்."

ஆர்லிஸுக்கு முகம் சிவந்துவிட்டது. "வேலைக்கு வந்தவனுக்கு நான் பழசைப் போடுவேனா? என்னை என்னன்னு நெனச்சே நீ?"

இந்த ஒரு பதிலில் அவள் நூற்றறுபது ஏக்கரைக் கவுன்ட்டரில் வைத்துவிட்டாள். தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போடாமல் எழுந்து போனாள்.

5

இந்த இடத்தில் கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். தேடினேன். டெல்மருக்கு அந்த நிலத்தின் மேல் ஒரு கண் என்று வைக்கலாம். வேண்டுமென்றே வெட்டி, ஒப்பந்தத்தை உடைத்து, ஏலத்தில் அடிமாட்டு விலைக்கு —

[நிறுத்திவிட்டேன். அடுத்த வாரம் டெல்மர் ஆர்லிஸ் வீட்டுக்கு வந்து பேசியது தெரிந்த பிறகு அந்தப் பத்தியை எழுதக் கை வரவில்லை.]

டெல்மர் சொன்னது: "எங்க ஆறு பேரையும் அத்துமீறி நுழைஞ்சவங்கன்னு எழுதிடுங்க ஆர்லிஸ். பேசி வச்சுட்டோம். ஆறு பேரும் கையெழுத்துப் போடறோம். யாரும் எங்களைத் தூக்குல போடப் போறதில்ல."

"அத்துமீறி நுழையறவன் தொப்பியைக் கழட்டிக் கையில வச்சிட்டா நிப்பான்?"

"அதெல்லாம் ஃபாரத்துல கேக்க மாட்டாங்க."

"நான் கேப்பேன்ல. ரூபனுக்காக வந்தவங்களைத் திருடன்னு எழுதிட்டு, அவர் வீட்டுல நான் எப்படிப் படுத்துத் தூங்கறது?"

டெல்மர் தலையைக் குனிந்துகொண்டான். போகும்போது படியில் நின்று, "அந்தக் கூகன் மட்டும்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் வண்டியில் ஏறினான். அவனும் ஊதித்தான் சாப்பிட்டான்.

வில்லன் இல்லை என்றால் ஆர்லிஸையாவது மாற்றிப் பார்க்கலாம். அந்த எட்டரை மணிக்கு அவளை எங்கே நிறுத்துவது? மூன்று வழி யோசித்தேன்.

ஒன்று: அவள் வீட்டிலேயே இல்லை. டவுனில் மருந்து வாங்கப் போயிருந்தாள்; திரும்பி வரும்போது புல் படுத்திருந்தது. நல்ல தொடக்கம், நல்ல அதிர்ச்சி. கூகனைக் கொடுத்தது யார்? அங்கே கதை விழுந்துவிடுகிறது.

இன்னொன்று: மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கக் கலக்கத்தில் ஃப்ரீசரிலிருந்து எதையோ எடுத்துக் கொடுத்தாள். கெய்லீனுக்குப் பிடிக்கும். ஆனால் இந்த ஆர்லிஸ் எனக்குத் தெரியாதவள். அவளை வைத்து இரண்டு பக்கம் எழுதினேன். ஒரு வசனம்கூடப் பேச மாட்டேன் என்கிறாள்.

மூன்றாவதில் விடிகாலை நாலரைக்கே எழுந்து மாவு தட்டினாள். எட்டு மணிக்கு அடுப்பிலிருந்து எடுத்தாள். எட்டேகாலிலிருந்து ஜன்னலில் நின்றாள்.

மூன்றாவதில் மட்டும்தான் பேசுகிறாள்.

6

முதல் பகுதியில் பொய் சொன்னேன்.

காபி மேசையில் நான் கேட்டதெல்லாம் எல்லாரும் கேட்டதுதான். மூன்றாம் பகுதியில் சமையலறையில் 'யாரோ ஒருத்தி' கூகனைத் துண்டு போட்டாள் என்று எழுதினேனே, அந்த ஒருத்தி நான். பள்ளி விடுமுறை. பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போனவள், காபிக்கு உட்கார்ந்தேன். ஆர்லிஸ் கத்தியைக் கையில் கொடுத்து, "சும்மா உக்காந்திருக்காதே, இதை வெட்டு" என்றாள். வெட்டர் என்ற பெயரை நான் ஏன் வைத்தேன் என்று இப்போது தெரிகிறதா? வெட்டியவர்கள் அன்று ஏழு பேர்.

சுட்ட கூகனைச் சூடாக வெட்டக் கூடாது. நடுவில் இருக்கும் பாலேடு இறுகியிருக்காது, கத்தியோடு சேர்ந்து சரியும். ஆறவிட்டுத்தான் வெட்டுவார்கள். அன்று எனக்கு ஆறவிட நேரம் இல்லை. டிராக்டர் முற்றத்துக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு துண்டும் சரிந்தது. கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டேன். குழாய்த் தண்ணீரில் விரலைக் காட்டிக்கொண்டே கேட்டேன்.

"ஆர்லிஸ், இப்ப வெட்டலாமா? புல்லைச் சொல்றேன். ஆகஸ்ட் வரைக்கும் கூடாதில்ல?"

அவள் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

"கூடாது."

"அப்ப போய்ச் சொல்லுங்களேன்."

"என்னன்னு சொல்ல? 'ரூபன் நெலத்துல ஒண்ணும் செய்யக் கூடாது, வீட்டுக்குப் போங்க'ன்னா? ஒம்பது வருஷம் அவரை அப்படிச் சொல்லித்தான் கேலி பண்ணானுங்க. இன்னைக்கு அதே ஆளுங்க வந்து நிக்கறானுங்க, வேலை செய்யறேன்னு." ஜன்னல் திரையை இன்னும் கொஞ்சம் விலக்கினாள். "ஒரு நாளாவது அவர் நெலத்துல டிராக்டர் ஓடட்டும், ஈஸி. நீ வெட்டு."

நான் வெட்டினேன். அழுதேன் என்றும் எழுதலாம். விரல் சுட்டதால் என்றுதான் அன்று சொன்னேன்.

இரண்டு வாரம் முன்பு கெய்லீன் பள்ளி வண்டி நிறுத்துமிடத்தில் என் காரோரமாகக் காத்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரு படிவம்.

"மிஸஸ் வெட்டர் கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க. ஆனா வீட்டுக்குள்ள அன்னைக்கு வேற யாராவது இருந்திருந்தா, அவங்க சாட்சி எழுதிக் கொடுக்கலாம். போதும். நீ இருந்தேன்னு வெர்லின் சொன்னான்."

"வெர்லின் குழுவுல இருக்கானே."

"இந்த விஷயத்துல அவன் எழுந்து வெளிய போயிடுவான். வெட்டினவனாச்சே. மத்த ரெண்டு பேர்தான் முடிவு பண்ணணும். அவங்க அன்னைக்கு மத்தியானம்தான் வந்தாங்க, மிச்சமிருந்த கூகனைச் சாப்பிட்டாங்க." கெய்லீன் என்னை நேராகப் பார்த்தாள். "அப்ப அது ஆறித்தான் இருந்துச்சாம்."

பாருங்கள், எவ்வளவு நேர்த்தியான சந்து. மதியம் அது ஆறித்தான் இருந்தது. 'ஆறியிருந்தது' என்று எழுதினால் மதியத்தைப் பொறுத்தவரை அது பொய்யே இல்லை. நேரத்தைக் குறிப்பிடாமல் ஒரு விடையை எழுதினால் பத்தாம் வகுப்புப் பையனுக்கு நான் அரை மார்க் குறைப்பேன்.

7

தமிழில் எழுதுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது என்றேன். இந்த மாவட்டத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மேலே ஆறாம் பகுதியில் இருப்பதை ஆங்கிலத்தில் எழுதினால் ஆர்லிஸ் வீட்டை விட்டுப் போக வேண்டும். எங்கேயும் எழுதாமல் இருந்தால், அவள் ஜன்னலில் நின்று சொன்னது யாரிடமும் இல்லாமல் போய்விடும். இரண்டுமே எனக்குப் பொறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தோரம் புல்லுருளைகள் அடுக்கியபடியே இருந்தன. முடிவு தெரியும்வரை விற்கக் கூடாது என்று அலுவலகம் சொல்லியிருக்கிறது. ரூபனின் டிராக்டர் ஓடும் சத்தம் கொட்டகையிலிருந்து கேட்டது. ஆர்லிஸ் உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பேட்டரி செத்துடும், அதான்," என்றாள்.

படிவத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, நாற்பத்தெட்டு வருடம் படித்த பழக்கத்தில் பின்பக்கத்துப் பொடியெழுத்தையும் விடாமல் படித்தாள்.

"நான் என்ன எழுதட்டும்?"

"உன் கை. உன் பேனா."

"வீடு போயிடும் ஆர்லிஸ்."

"தெரியும். போக எனக்கு ஆசைன்னு நெனைக்கிறியா? எனக்கு எழுபத்துநாலு வயசு. இந்தக் குழாயை எந்தப் பக்கம் திருகினா சுடுதண்ணி வரும்னு இருட்டுல தெரியும் எனக்கு. வேற வீட்டுக்குப் போய் அதையெல்லாம் முதல்லேர்ந்து கத்துக்க முடியாது." கண்ணாடியைக் கழற்றினாள். "இந்த வீட்டுலயே சாகணும் நான்."

"அப்ப ஆறியிருந்துச்சுன்னு எழுதிடட்டுமா?"

அவள் படிவத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். கொட்டகையில் டிராக்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஆறு பேரும் ஊதிச் சாப்பிட்டானுங்க ஈஸி," என்றாள் கடைசியில். "அவனுங்க வாயெல்லாம் வெந்திருக்கும். நீ எழுதறதை அவனுங்க நம்பப் போறதில்ல."

"குழு நம்பும்."

"நம்பட்டும். நான் உன்கிட்ட வேணாம்னும் சொல்லல. பாத்தியா, அதையும் சொல்லல." எழுந்து அடுப்படிக்குப் போனாள். "காபி குடி முதல்ல."

8

இரண்டு முடிவுகளையும் எழுதிப் பார்த்துவிட்டேன். சூடாக இருந்தது என்று எழுதிய முடிவில் ஆறு பேரும் லாரி கொண்டுவந்து அவள் சாமான்களை ஏற்றுகிறார்கள். கூப்பிடவில்லை, கூலியில்லை. டவுனில் ஓர் அறை வீட்டின் சமையலறையில் ஆர்லிஸ் அவர்களுக்குக் கூகன் சுடுகிறாள், குழாயைத் தவறான பக்கம் திருகுகிறாள். என்னோடு பேசுகிறாள், முன்புபோலவே. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆறியிருந்தது என்று எழுதிய முடிவில் அவள் வீட்டிலேயே இருக்கிறாள். அக்டோபரில் பணம் வருகிறது. ஆனால் அலுவலகக் கோப்பில், எத்தனை வருடத்துக்கு வைத்திருப்பார்களோ தெரியாது, வேலைக்கு வந்தவர்களுக்கு இழவு வீட்டுப் பழசைப் போட்டவள் என்று அவள் பெயர் இருக்கிறது. என்ன செய்கிறோம் என்று தெரிந்து ஒரு மனுஷி தன் புருஷனுக்காக ஒரே ஒரு காலையில் செய்தது, தெரியாமல் நடந்த ஒரு பிசகாக ஆகிவிடுகிறது. அதை அப்படி ஆக்கியவள் நான்.

[மூன்றாவது முடிவு: "ஆர்லிஸ் தூக்கத்திலேயே —" இல்லை. கதாசிரியர்கள் தங்கள் கஷ்டத்தைத் தீர்க்க ஆட்களைக் கொல்லக் கூடாது.]

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் குழு கூடுகிறது. இன்று ஞாயிறு. படிவத்தில் எனக்கு விட்டிருக்கும் இடம் ஐந்து வரி. நான்கு எழுதிவிட்டேன். ஐந்தாவதில் ஒரு சொல் பாக்கி. சரிந்து விழுந்த துண்டுகளையும், என் விரலையும், அவள் சொன்னதையும் இப்போது என்னைத் தவிர நீங்கள் மட்டுமே அறிவீர்கள். அந்தச் சமையலறையில் இனி நான் தனியாக இல்லை. கத்தியை என் கையில் அவள் கொடுத்ததுபோல, பேனாவை நான் உங்களிடம் கொடுக்கிறேன்.

என் பெயர் எழிலரசி. ஜூலை 24 காலை நான் ஆர்லிஸ் வெட்டர் வீட்டுச் சமையலறையில் இருந்தேன். ஆறு பேர் வந்தார்கள். அவர்களுக்குக் கூகனை வெட்டிக் கொடுத்தது நான்தான்.

நான் வெட்டியபோது அது ______ இருந்தது.